மனம் வராது

அன்புள்ள ஐயா,

எங்கள் சபை இளைஞர் கூட்டத்தில் எழுந்த சந்தேகம் இது. உலகில் பாவம் இருப்பதற்குக் காரணம், தேவன் நமக்குச் சுயாதீனம் கொடுத்ததுதான் என்கிறோம். பரலோகத்தில் பாவம் செய்ய முடியாது என்றும் சொல்கிறோம். அப்படியானால் அங்கே நாம் ரோபோக்களா? சுயாதீனம் இருக்கும் என்றால், மறுபடி யாரும் விழமாட்டார்கள் என்பது என்ன நிச்சயம்? அங்கே நடப்பது ஏதேனில் ஏன் நடக்கவில்லை? தூதர்கள் விழுந்தது எப்படி என்பதையும் விளக்கவும்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தூதர்களை இப்போது விட்டுவிடுவோம், அவர்கள் வழக்கு தனி. ரோபோவையும் விடுங்கள். இந்தப் பேச்சில் ரோபோ நுழைந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் யோசிப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘முடியாது’ என்ற சொல். ஆதிச் சபைப் பிதாவான அகுஸ்தினார் ‘கடவுளின் நகரம்’ நூலின் கடைசி அதிகாரத்தில் (22:30) இதைத்தான் எடுக்கிறார். ஆதாமுக்கு இருந்தது ‘போஸ்ஸே நோன் பெக்காரே’, பாவம் செய்யாமலிருக்கும் திறன். முடிவில் வருவது ‘நோன் போஸ்ஸே பெக்காரே’, பாவம் செய்ய இயலாமை. லத்தீனில் ‘நோன்’ ஓர் இடம் முன்னால் நகர்கிறது, அவ்வளவுதான். தமிழில் ‘பாவம் செய்ய முடியாது’ என்று எழுதியதும் பூட்டிய கதவு கண்ணில் தெரிகிறது. அகுஸ்தினாரோ பின்னதை ‘அதிக வல்லமையுள்ள’ சுயாதீனம் என்கிறார். கடவுளால் பாவம் செய்ய இயலாது, அதற்காக அவருக்குச் சுயாதீனம் இல்லை என்போமா என்றும் அங்கேயே கேட்கிறார். தீத்து 1:2-இல் ‘பொய்யுரையாத தேவன்’ என்று நீங்களும் வாசிக்கிறீர்கள். வாசித்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் பக்கத்தைத் திருப்பினால் எப்படி?

தமிழில் இதற்குச் சரியான சொல் வீட்டிலேயே கிடக்கிறது. கை கட்டப்பட்டவனால் குழந்தையை அடிக்க முடியாது. பாசமுள்ளவனுக்கு அடிக்கக் கை வராது. பொய் சொல்ல வாய் வராது, பிள்ளைச் சோற்றில் விஷம் வைக்கத் தாய்க்கு மனம் வராது. கையும் வாயும் நன்றாகத்தான் இருக்கின்றன. அந்தத் தாயின் சுயாதீனம் குறைந்துவிட்டது என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்வார்களா? நீங்களோ சுயாதீனம் என்றாலே முச்சந்தியில் நின்று திகைப்பது என்று நினைக்கிறீர்கள். திகைப்பு அறியாமையின் அடையாளம். இடைக்கால இறையியலாளர் அன்செல்ம் இதைக் கறாராக வரையறுத்தார்: சுயாதீனம் என்பது சித்தத்தின் நேர்மையை அந்த நேர்மைக்காகவே காக்கும் திறன். பாவம் செய்யும் திறன் அதன் பாகமே அல்ல.

மறுபடி விழமாட்டோமா? இந்தப் பயம் பழையது. தேவனைக் கண்டுகொண்டிருந்த ஆவிகளுக்குத் திகட்டிப்போய், அதனால் விழுந்தன என்று ஆதிச் சபை அறிஞர் ஆரிஜன் எண்ணினார். அப்படியானால் பரலோகமும் ஒருநாள் திகட்டுமே! அவர் பெயரில் வழங்கிய இத்தகைய கருத்துகளை 6ஆம் நூற்றாண்டில் சபை கண்டித்தது. ஆனால் கண்டனம் பதிலாகாது. பதில் இடைக்கால இறையியலாளர் தோமா அக்வினாசிடம் இருக்கிறது: கையிலுள்ள நன்மையை ஒருவன் விட நினைப்பது அதில் குறை தெரிவதால், அல்லது கூடவே ஒரு தொல்லை ஒட்டியிருப்பதால். தேவ தரிசனத்தில் இரண்டும் இல்லை. ஆதிச் சபைப் பிதாவான நீசாவின் கிரகோரியார் இன்னும் துணிந்தவர். தேவனுக்கு எல்லை இல்லை, ஆகவே உள்ளம் நிறையும்தோறும் பசியும் வளரும். ஓயாமல் வளர்வதே பூரணம் என்றார். பூரணம் என்றால் அசையாமல் உட்கார்ந்திருப்பது என்று எண்ணுகிறவர்கள்தான் திகட்டலுக்குப் பயப்பட வேண்டும். திகட்டாத அமுதுக்கு ‘ஆராவமுது’ என்று சொல் வைத்திருக்கும் மொழியில் இதை இவ்வளவு விளக்க வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம்.

ஏதேன்? ‘தாய் பலமான உணவைக் கொடுக்கலாம், கைக்குழந்தையால் ஏற்க முடியாது’ என்பது 2ஆம் நூற்றாண்டின் ஆயர் இரேனியுஸ் சொன்ன வழி. ஏதேனில் மனிதன் அந்தக் கைக்குழந்தை. மனம் வராத நிலைக்கு வளர்ந்துதான் சேரவேண்டும். ஆனால் கைக்குழந்தையாகவே இறந்தவர்கள் எப்போது வளர்ந்தார்கள்? இரேனியுஸ் வழியில் போகிறவர்கள் இடறும் இடம் இதுதான். கிரகோரியார் இதற்கென்றே ஒரு தனி நூல் எழுதி, அவர்கள் அங்கே போன பிறகு சிறிது சிறிதாக வளர்வார்கள் என்றார். அங்கேயே வளரலாம் என்றால், ஏதேனில் மனிதன் வளரும்வரை தேவன் ஏன் காத்திருக்கவில்லை? ரோபோவை விட்டுவிட்டு அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.