மார்பகம் எடுத்த பிறகு: ரவிக்கை, பிரா, தழும்பு – வாசகிகள் கேள்வி பதில்

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்துவிட்டு, மறுசீரமைப்பு (மார்பக வடிவத்தை மீண்டும் உருவாக்கும்) அறுவை செய்துகொள்ளாத பெண்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை இவை. பதில் தருபவர்கள் புற்றுநோய் அறுவைப் பிரிவுச் செவிலியர், பிசியோதெரபிஸ்ட், ரவிக்கை தைப்பவர் ஆகிய மூவர்.

அம்மாவுக்கு இடது மார்பகம் எடுத்து, ட்யூபும் பாட்டிலுமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்ன உடுத்துவது? பாட்டிலை எங்கே வைப்பது? – வாசகி, கும்பகோணம்

முன்பக்கம் முழுக்கத் திறக்கும் பருத்தி நைட்டி, வழக்கத்தைவிட ஒரு அளவு பெரியது. ஜிப் வேண்டாம், பட்டன் வையுங்கள். ஜிப்பின் ஓரம் தையல்மேல் உரசும். பாட்டிலைப் பாவாடை நாடாவில் கட்டித் தொங்கவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழும்போது பாவாடை இழுபடும், ட்யூபும் கூடவே இழுபடும். பழைய வேட்டித் துணியில் 8 அங்குல அகலம், 10 அங்குல உயரத்தில் ஒரு பை தைத்து, அகலமான நாடாவால் கழுத்தில் மாட்டிவிடுங்கள். பாட்டில் எப்போதும் காயத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

காயத்திலிருந்து வடிந்து பாட்டிலில் சேரும் நீரைத் தினமும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் பெரும்பாலும் ட்யூபை எடுத்துவிடுவார்கள். நேற்றுவரை 60, 70 மில்லி வந்தது இன்று சட்டென்று நின்றுவிட்டு, மார்புப் பக்கம் உப்பிக்கொண்டால் அது ஆறியதன் அடையாளம் இல்லை. ட்யூபில் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். ட்யூப் எடுத்த பிறகும் உள்ளே நீர் சேர்வது உண்டு. நடக்கும்போது தளும்புகிற மாதிரி இருக்கும். தேவைப்பட்டால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். வீட்டில் அழுத்தவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது.

பிராவுக்குள் பஞ்சு வைத்தால் மேலே ஏறிக் கழுத்துப் பக்கம் வந்துவிடுகிறது. சிலிக்கான் செயற்கை மார்பகம் வாங்க இப்போது வசதி இல்லை. வீட்டிலேயே செய்ய முடியுமா? – வாசகி, விருதுநகர்

முடியும். ஏறுவதற்குக் காரணம் எடை இல்லாததுதான்.

முதலில் அளவு. பிராவைப் போட்டுக்கொண்டு, காலியாக உள்ள பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் அரிசி போட்டு வையுங்கள். கண்ணாடி முன் நின்று இரண்டு பக்கமும் ஒரே பருமனாகத் தெரியும்வரை கூட்டிக் குறையுங்கள். பிறகு அந்த அரிசியைச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நடுத்தர உடல்வாகில் 250 முதல் 400 கிராம் வரை வருவது சாதாரணம். அரிசியையே உள்ளே வைத்துத் தைத்துவிடாதீர்கள்: வியர்வையில் ஊறும், வண்டு வரும், துவைக்க முடியாது.

மெல்லிய பருத்தித் துணியில் முன்பக்கத்துக்கு ஒன்று, உடம்பில் படும் பக்கத்துக்கு ஒன்று என இரண்டு துண்டு வெட்டுங்கள். உடம்பில் படும் துண்டில் நடுவே தையலே வரக்கூடாது. உள்ளே தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சு; இலவம்பஞ்சு ஒரே துவையலில் கட்டிகட்டியாகிவிடும். எடைக்கு, சின்னக் கண்ணாடி மணிகளைத் தனியே ஒரு பையில் போட்டு இரண்டு வரி தையல் அடித்து, அடிப்பகுதியில் முன்பக்கம் பார்த்தபடி வையுங்கள். முழு எடையும் வர வேண்டியதில்லை. நீங்கள் குறித்த எடையில் பாதி இருந்தாலே ஏறாமல் நிற்கும், தோளும் இழுக்காது.

பிராவில் ஒரு உறை தேவை. கப்பின் உட்பக்கம் பழைய மல் துணியை வைத்து மேலும் கீழும் தைத்து, அக்குள் பக்கம் மட்டும் திறந்து விடுங்கள். கம்பி இல்லாத, முழுக் கப்பும் அகலப் பட்டையும் உள்ள பிராவாக இருக்கட்டும்.

தையல் ஆறும் முதல் சில வாரம் எடையே வேண்டாம், வெறும் பஞ்சு போதும். கனமான சிலிக்கானைப் பொதுவாக 6 முதல் 8 வாரத்துக்குப் பிறகுதான் போடச் சொல்வார்கள். கதிர்வீச்சு நடந்தால் தோல் தேறும்வரை இன்னும் தள்ளிப் போகும்.

வழக்கமாகத் தைப்பவரிடம் அளவு ரவிக்கை கொடுத்துத்தான் தைத்தேன். ஒரு பக்கம் சுருங்கித் தொங்குகிறது, முன்பக்கம் மேலே ஏறுகிறது. – வாசகி, சேலம்

அளவு ரவிக்கை கொடுத்ததுதான் கோளாறு. அது பழைய உடம்பின் அளவு.

நம் ஊர் நாலு டாட் ரவிக்கையில் அந்த டாட்டுகள்தான் முன்பக்கத் துணியைக் குழிவாக்கி மார்பகத்துக்கு இடம் தருகின்றன. உள்ளே ஒன்றும் இல்லாதபோது அந்தக் குழிவு மடங்கிச் சுருங்கும். கிண்ணம் போலத் தனித் துண்டு வைத்துத் தைக்கும் கட்டோரி ரவிக்கையில் இது இன்னும் மோசம், அதை மறந்துவிடுங்கள். இரண்டாவது கோளாறு நீளத்தில் இருக்கிறது. தோளிலிருந்து இடுப்புப் பட்டிவரை மார்பகத்தின் மேலாக டேப்பை ஓட்டினால் ஓர் அளவு வரும், தட்டையான பக்கம் ஓட்டினால் அதைவிடக் குறையும். மார்பகம் பெரிதாக உள்ளவர்களுக்கு இரண்டு அங்குலம்கூட வித்தியாசம் வரும். இரண்டு பக்கத்தையும் ஒரே நீளத்தில் வெட்டினால் மார்பகம் உள்ள பக்கம் துணி போதாமல் பட்டியை மேலே இழுக்கும்.

இதில் ஒன்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள். வெளியே போகும்போது எப்போதும் செயற்கை மார்பகம் வைப்பீர்கள் என்றால், அதை வைத்துக்கொண்டே அளவு கொடுங்கள். வழக்கமான ரவிக்கையே சரியாக வரும். கழுத்து இறக்கத்தை மட்டும் ஒரு அங்குலம் குறையுங்கள், குனியும்போது இடைவெளி தெரியாது. வைக்கப் போவதில்லை என்றால் முன்பக்கத்தின் இரண்டு துண்டையும் தனித்தனியே வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தோள் முதல் பட்டி வரை, நெஞ்சின் நடுக்கோடு முதல் பக்கத் தையல் வரை என இரண்டிரண்டு அளவு வேண்டும். தட்டையான பக்கத்தில் கீழ் டாட் ஒன்றை மட்டும், அதுவும் சின்னதாக, வைத்தால் போதும்.

ஆண் தையல்காரரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்த அளவுகளை வீட்டில் எடுத்துத் தாளில் ‘வலது’, ‘இடது’ என்று எழுதிக் கொடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதே இல்லை. கொக்கி முன்பக்கம்தான் வேண்டும். பின்கொக்கிக்குக் கையை வளைப்பது பல மாதம் சிரமம். அக்குள் நெறிக்கட்டி (நிணநீர்க் கணு) எடுத்த பக்கம் கைக்குழியை அரை அங்குலம் தளர்த்துங்கள். கழற்றும்போது கையில் ரவிக்கையின் தடம் பதிந்திருந்தால் அந்தக் கை இறுக்கம்; வீக்கம் வரக்கூடிய கைக்கு அது ஆகாது.

துணியில் ஒரு விஷயம். ஜார்ஜெட், கிரேப் எல்லாம் உடம்போடு ஒட்டிப் பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் விறைப்பான கைத்தறிப் பருத்தி, லைனிங்கோடு, பள்ளத்தின் மேல் தானாக நிற்கும். சிறு பூப்போட்டது நல்லது. நேர்க்கோடும் கட்டமும் இரு பக்க வித்தியாசத்தை அப்படியே வரைந்து காட்டும்.

எனக்கு வலது பக்கம் அறுவை. முந்தானை இடது தோளில்தானே போகிறது, வலது பக்கத்தை எப்படி மறைப்பது? – வாசகி, திண்டுக்கல்

மடிப்பு வைக்காமல் ஒற்றையாக விடுங்கள். முந்தானையின் மேல் ஓரத்தை வலது அக்குளுக்கு அருகிலிருந்தே உயர்த்தி எடுத்து, ரவிக்கையின் வலது பக்கத் தையலில் ஒரு ஊக்கு குத்துங்கள். கப்பின் மேல் குத்தவே கூடாது: ஊக்கு பட்டு ஓட்டையாகும் சிலிக்கான் மார்பகங்கள் ஏராளம்.

இடது பக்கம் அறுவையானவர்களுக்கு மறைப்புப் பிரச்சினை குறைவு, பாரம்தான் பிரச்சினை. சரிகை கனத்த பட்டு முந்தானை அறுவையான பக்கத் தோளிலேயே மணிக்கணக்கில் அழுத்தும். கல்யாண வீட்டுக்குக் குஜராத்திக் கட்டில், முந்தானையைப் பின்னாலிருந்து வலது தோள் வழியாக முன்னால் விட்டுப் பாருங்கள்.

மறுசீரமைப்பு வேண்டாம் என்றால் டாக்டர் ஆச்சரியப்படுகிறார். ‘பின்னால் மனசு மாறினால் உதவும், கொஞ்சம் தோலை விட்டு வைக்கிறேன்’ என்கிறார். – வாசகி, கோயம்புத்தூர்

வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். விட்டு வைக்கும் தோல் மடிந்து, வியர்த்து, புண்ணாகும். மனம் மாறினால் வயிற்றுத் திசுவை எடுத்தோ, தோலை மெல்ல விரித்தோ பின்னாளில் மறுசீரமைப்பு செய்ய வழி இருக்கிறது.

தட்டையாக, ஒழுங்காக மூடுவது தனி வேலைப்பாடு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2020இல் இதற்கென ஒரு சொல்லையே தன் மருத்துவ அகராதியில் சேர்த்தது. 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தட்டையாக இருக்கும் 931 பெண்களில் 74 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள்; 22 சதவீதம் பேர் தங்கள் முடிவுக்கு அறுவை மருத்துவர் சரியாகத் துணை நிற்கவில்லை என்றார்கள். ஆக, உங்கள் டாக்டரின் ஆச்சரியம் புதிதல்ல.

கேட்க வேண்டியது இரண்டு. அறுவைக்கு முன் தோலில் கோடு போடும்போது உங்களை உட்கார வைத்துப் போடச் சொல்லுங்கள். படுத்தால் தோல் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். ‘தட்டையாக மூடவும்’ என்று சம்மதப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். உடம்பு பருமனானவர்களுக்கு அக்குள் ஓரத்தில் முக்கோணமாகச் சதை நிற்பது அதிகம். அதை எப்படி மூடுவார் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஏற்கெனவே அப்படிச் சதை நின்றுவிட்டவர்கள், தழும்பு நன்றாக ஆறி இளகிய பிறகு சின்ன அறுவையில் சரிசெய்துகொள்ளலாம்.

மேல்கையின் உட்பக்கம் மரத்துப் போயிருக்கிறது. கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கைவரை கயிறு மாதிரி இழுக்கிறது. – வாசகி, நாகர்கோவில்

இரண்டும் வேறு வேறு. மரத்துப் போவது, நெறிக்கட்டி எடுக்கும்போது அவ்வழியே போகும் தோல் நரம்பு பட்டதால். மெல்லக் குறையும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. அந்த இடத்தில் சூடு உறைக்காது. வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், அக்குள் முடிக்கு பிளேடு வேண்டாம். எரிச்சலோ மின்னல் வெட்டுகிற மாதிரி வலியோ மூன்று மாதம் தாண்டியும் இருந்தால் அது நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரைக்கு மசியாது, அதற்கென்று மருந்து உண்டு.

கயிறு மாதிரித் தெரிவது அறுவைக்குப் பின் சில வாரத்தில் வரும் தோலடி நாண். பயந்து கையை மடக்கியே வைத்தால் தோள் இறுகிவிடும். ட்யூப் இருக்கும்வரை தோள் உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள். எடுத்த பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மேலே மேலே ஏறி, இழுக்கும் இடத்தில் ஐந்து மூச்சு நின்று இறங்குங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. பெரும்பாலும் சில மாதங்களில் விடும்.

கதிர்வீச்சு நடக்கும்போது தாலி? – வாசகி, தஞ்சாவூர்

மேசையில் படுக்கும் நேரம் கழற்றத்தான் வேண்டும். மற்ற நேரமும் சங்கிலி சிவந்த தோலில் உரசும்; மெல்லிய நூலில் கோத்துப் போடலாம். புது மஞ்சள் கயிறு வேண்டாம், மஞ்சளும் பூச வேண்டாம்: கதிர் செலுத்தும் இடத்துக்காகத் தோலில் போட்டிருக்கும் மைக்குறி மறையும்.

மார்பகமே இல்லை, இனி என்ன சோதனை? – வாசகி, வேலூர்

தழும்பை மாதம் ஒருமுறை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். அரிசி போலக் கெட்டியாக ஒன்று, ஆறாத சிவப்பு, அக்குளிலோ காறையெலும்புக்கு மேலோ கட்டி என்றால் அடுத்த சோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள். மறுபக்கம் மார்பகம் இருந்தால் அதற்கு ஆண்டுதோறும் மாமோகிராம் தொடர வேண்டும்.

சென்னை வெயிலில் சிலிக்கான் வைத்தால் வியர்த்துக் கொட்டுகிறது. – வாசகி, தாம்பரம்

பருத்தி உறை போட்டு வையுங்கள், இரண்டு உறை இருந்தால் மதியம் மாற்றலாம். இரவு மிதமான சோப்பில் கழுவித் துடைத்து, அதற்குரிய குழிவுப் பெட்டியிலேயே வையுங்கள். வேறு இடத்தில் கவிழ்த்து வைத்தால் வடிவம் கெடும். ஓட்டையானால் பிளாஸ்திரி ஒட்டி அன்றைய நாளை ஓட்டலாம், நிரந்தரமாக நிற்காது. இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லபடியாக உழைப்பது வைத்துக்கொள்ளும் விதத்தில்தான் இருக்கிறது. வீட்டில் இருக்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள். முழுநாளும் போட்டே ஆக வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை.