கழிவுச் சிற்பத்தை எங்கே நிறுத்துவது?

கேள்வி: சிற்பக்கலை படித்திருக்கிறேன். பழைய இரும்புக் கடையில் தகரமும் கணினிப் பலகைகளும் வாங்கி ஆள் உயர உருவங்கள் செய்கிறேன். 'இது கைவினைப் பொருள்' என்று காட்சிக்கூடங்கள் திருப்பி அனுப்புகின்றன. ஜெர்மனியின் ஹா ஷுல்ட் குப்பையை வைத்தே எப்படிப் பெயர் பெற்றார்?

பதில்: காட்சிக்கூடம் கூப்பிடட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1939இல் பிறந்தவர், டியூசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் படித்தவர். 1969இல் மியூனிக்கில் ஒரு தெருவையே காகிதக் குப்பையால் நிரப்பினார். 1976இல் வெனிஸ் நகரின் புனித மாற்கு சதுக்கம் முழுக்கப் பழைய செய்தித்தாள்களைப் பரப்பினார். எடுத்து விற்க அங்கே எதுவும் இல்லை. படங்கள்தான் மிஞ்சின.

நீங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது 1996இல் தொடங்கிய 'குப்பை மனிதர்கள்'. நசுக்கிய டின்கள், மின்னணுக் கழிவு இவற்றால் ஆன ஆயிரம் உருவங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பெரிய நுணுக்கம் கிடையாது. ஆயிரமும் வரிசைகட்டி நிற்கும்போதுதான் நெஞ்சில் இடிக்கிறது. முதலில் ஜெர்மனியின் க்ஸான்டன் ஊரின் ரோமானிய அரங்கில் நின்றன. 1999இல் மாஸ்கோ செஞ்சதுக்கம், 2001இல் சீனப் பெருஞ்சுவர், அடுத்த ஆண்டு எகிப்தின் கீசா பிரமிடுகள், 2006இல் கொலோன் பேராலயம் என்று போய்க்கொண்டே இருந்தன. கீசாவில் மன்னர்கள் விட்டுப்போனது பின்னால் நிற்கிறது, நாம் விட்டுப்போவது முன்னால் நிற்கிறது. உருவங்கள் அதேதான், இடம்தான் புதிதாகப் பேசவைக்கிறது.

அதனால் மாதம் ஒரு புது உருவம் என்று ஓடாதீர்கள். ஒரே வகையில் இருபது செய்யுங்கள். பிறகு குப்பையோடு உறவுள்ள ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், சந்தையோ ஆற்றங்கரையோ. அனுமதிக் கடிதத்தில் எந்தத் தேதியில் அகற்றுவீர்கள், யார் சுத்தம் செய்வார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். அதிகாரிகளின் முதல் கவலை அதுதான்.

அப்புறம், பசையை நம்ப வேண்டாம், வெயிலில் விட்டுவிடும். உள்ளே கம்பிச் சட்டம் வைத்து போல்ட் போட்டால் கழற்றி ஏற்றிச் செல்லலாம். பேட்டரிகளை முதலில் அகற்றுங்கள். பழைய டிவியின் படக்குழாயை உடைக்கவே கூடாது, அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

ஷுல்ட்டுக்கு மேலாளராக எல்கே கோஸ்கா பல ஆண்டுகள் கூடவே இருந்தார். உங்களுக்கும் கடிதம், அனுமதி, வண்டி வாடகை பார்க்க ஒருவர் தேவை. நல்ல ஒளிப்படக் கலைஞருக்கும் பணம் ஒதுக்குங்கள். அடுத்த முறை காட்சிக்கூடத்துக்கு உருவத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல், அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு போங்கள்.