அதிபரின் மனைவிக்குச் சம்பளம் உண்டா?

கேள்வி: அமெரிக்க அதிபரின் மனைவிக்குச் சம்பளமோ அதிகாரமோ உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும் இல்லை. அந்நாட்டு அரசியல் சாசனம் அவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதிபரின் பணிக்கு உதவும்போது அவருக்கு அரசுச் செலவில் உதவியாளர்கள் உண்டு. 1978-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்கிறது.

பதவி கொடுத்தால்தான் சிக்கல். 1977-ல் ஜிம்மி கார்ட்டர் மனநல ஆணையம் அமைத்தபோது, உறவினர் நியமனத்தைத் தடுக்கும் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. அதனால் மனைவி ரோசலின் கௌரவத் தலைவராக மட்டுமே இருக்க முடிந்தது. ஆனாலும் அவர் சளைக்கவில்லை. 1979-ல் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 1980-ல் மனநலச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டே, ரீகன் ஆட்சியில் அதன் பெரும்பகுதி நீக்கப்பட்டது, நோயாளிகளுக்குப் பேரிழப்பு.