தாவலும் குச்சிக்கட்டும்: சின்னப் பிள்ளைகள் படிப்பு பற்றிய கேள்வி பதில்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகப் பாடம் எடுப்பவள் நான். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

டீச்சர், மகன் யுகேஜி. ஒரு இடத்தில் உட்கார மாட்டான். ஓடவிட்டே சொல்லிக் கொடுக்கலாமா? (ஓர் அம்மா, திருப்பூர்)

தாராளமாக. ஆனால் ஓட்டத்துக்குள் பாடம் இருக்க வேண்டும். "ரெண்டும் மூணும் அஞ்சு" என்று கத்திக்கொண்டே மாடியைச் சுற்றினால் உடம்புக்கு நல்லது, கணக்குக்கு ஒன்றும் சேராது.

மொட்டை மாடியில் சாக்பீஸால் ஒரே நேர்கோட்டில் பத்துக் கட்டம் போட்டு, 1 முதல் 10 வரை எழுதுங்கள். பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்குத் தாண்டட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 4-இல் நிற்கும்போது 2 விழுந்தால், "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணித் தாண்டக் கூடாது. கால் பதியும் கட்டத்தின் எண்ணான "அஞ்சு, ஆறு" என்பதைச் சொல்லித் தாண்ட வேண்டும். அப்போதுதான் பெரிய எண் என்பது தூரத்தில் இருக்கிறது என்று காலுக்குப் புரியும்.

அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எண் போட்ட நேர்கோட்டுப் பலகையில் விளையாடிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் எண்ணறிவில் நன்றாக முன்னேறினார்கள். நிறம் மட்டும் போட்ட பலகையில் விளையாடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. பரமபதம் இப்போது வேண்டாம், அதில் வரிசைக்கு வரிசை திசை மாறும்.

பேத்தி இரண்டாம் வகுப்பு. 'பால்' என்று சொன்னால் 'பல்' என்று எழுதுகிறாள். தினமும் பத்துத் தடவை எழுத வைக்கிறேன். (ஒரு தாத்தா, மயிலாடுதுறை)

ஐயா, பத்துத் தடவை எழுதினால் கைதான் வலிக்கும். சிக்கல் காதில் இருக்கிறது. ஒலி நீள்வதை அவள் இன்னும் பிரித்துக் கேட்கவில்லை.

இதற்கு வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரையைத் தொல்காப்பியம் கண் இமைக்கிற, கை நொடிக்கிற நேரத்தை வைத்து அளக்கிறது. அளவே உடம்பில்தான் தொடங்கியிருக்கிறது! ஆகவே குறிலுக்கு ஒரு சின்னத் தத்தல், நெடிலுக்கு ஒலியை இழுத்துக்கொண்டே ஒரு நீளத் தாண்டல், மெய்க்கு நின்ற இடத்திலேயே ஒரு சொடக்கு. 'பல்' என்றால் தத்தி, சொடக்கு. 'பால்' என்றால் தாண்டி, சொடக்கு.

இரண்டு சொல்லையும் அடுத்தடுத்துத் தாவச் சொல்லி, எங்கே போய் நின்றாள் என்று திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வித்தியாசம் அவளுக்குக் கண்ணால் தெரியும். அப்புறம் படம் பாடம், கல் கால், விடு வீடு, கொடு கோடு. 'வடை', 'வாடை' மாதிரி ஐகாரத்தில் முடிகிற சொற்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அங்கே ஐகாரம் குறுகி ஒலிப்பதால் குழந்தை குழம்பும்.

தாவிய சூட்டோடு எழுத வைக்க வேண்டும், மறுநாளைக்குத் தள்ளக் கூடாது. 'பா'வில் நீளமாகத் தாண்டினாளே, அந்தத் தாண்டல்தான் துணைக்கால் என்று அவளே சொல்லட்டும். ஒரு சொல் ஒரு தடவை எழுதினால் போதும்.

குழந்தை 43-இல் 17 போனால் 34 என்கிறாள். கடன் வாங்குவதை எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை.

3-இல் 7 போகாது என்றதும் 7-இல் 3-ஐக் கழித்திருக்கிறாள். 'கடன்' என்ற பேச்சையே கொஞ்ச நாள் எடுக்காதீர்கள். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு அவளே கட்டட்டும். நான்கு கட்டு, மூன்று தனிக்குச்சி முன்னால் இருக்கிறது. "ஏழு குச்சி கொடு" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் முழிப்பாள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். ஒரு கட்டை அவிழ்த்தால் தனிக்குச்சி பதின்மூன்று. ஏழைக் கொடுத்தால் மிச்சம் ஆறு. இன்னொரு கட்டையும் கொடுத்தால் இருப்பது இரண்டு கட்டு, ஆறு குச்சி: 26.

இது கைக்கு வந்ததும் குச்சிக்குப் பதில் கோடும் புள்ளியும் வரையட்டும், அப்புறம் வெறும் எண். குச்சியிலேயே மாதக்கணக்கில் நிறுத்திவிட்டால் அது இல்லாமல் கணக்கு ஓடாது.

ஆன்லைன் டெஸ்டில் என் பையன் 'கைனஸ்தடிக் லேர்னர்', அதாவது உடம்பை அசைத்துச் செய்து பார்த்துக் கற்கிறவன் என்று வந்திருக்கிறது. அவனுக்குத் தனி முறை வேண்டுமா?

வேண்டாம். பிள்ளைகளை இப்படிப் பிரித்து, பிரிவுக்கேற்ப நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொட்டும் செய்தும் பார்க்கத்தான் வேண்டும்.

இரண்டு வயதுக் குழந்தைக்குப் புளியங்கொட்டை, பாசிமணி கொடுத்து எண்ணப் பழக்கலாமா?

கூடவே கூடாது. மூக்கில், காதில் போட்டுக்கொள்ளும். தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. டம்ளர், கிண்ணம், பெரிய மூடி கொடுங்கள். மூன்று வயது தாண்டிய பிறகும் சின்னப் பொருள் என்றால் பக்கத்திலேயே இருங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர் நான். வகுப்பில் 38 பேர், தாவ இடமில்லை. என்ன செய்ய?

உங்கள் நிலைமை புரிகிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுக்க வந்த, பிள்ளைகளே அட்டைகளை வைத்துச் செய்து படிக்கும் செயல்வழிக் கற்றலிலும் இட நெருக்கடி இருந்தது.

நின்ற இடத்திலேயே செய்யலாம். குறில் என்றால் கை மார்பில், நெடில் என்றால் இரு கையும் தலைக்கு மேலே. பக்கவாட்டில் விரிக்க வேண்டாம், அடுத்த பிள்ளையின் கண்ணில் படும். முதலில் கண்ணைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். மூடியதும் தடுமாறுகிறவர்கள் இவ்வளவு நேரம் பக்கத்தில் பார்த்துச் செய்தவர்கள். அந்த நாலைந்து பேரை மட்டும் சாப்பாட்டு மணிக்கு முன்னால் வராண்டாவுக்குக் கூட்டிப்போய்த் தாவ வையுங்கள்.