எடை குறைந்தால் உடல் மந்தமாகி மறுபடி ஏறிவிடுமாமே, பிறகு எதற்குக் குறைக்க வேண்டும்?

நீங்கள் கொஞ்சம் குறைத்து, தராசு முள் நின்றுபோன சோர்வில்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அங்கே நின்றவள்.

திருகோணமலையில், உவர்மலையில் இருக்கிறேன். 2022இல் 88 கிலோ, வெறும் வயிற்றுச் சீனி 118. சலரோகத்துக்கு முந்தின கட்டம் என்றார் டாக்டர். சீனி வருத்தத்தால் அம்மாவுக்குக் கால்விரல் எடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அன்றிரவே புட்டைப் பாதியாக்கினேன். மத்தியானம் சோற்றைக் குறைத்து மீனும் கீரையும் கூட்டினேன். விடிய ஐந்தரைக்கு டச்பே கடற்கரையில் நடை.

முதல் 4 கிலோ இறங்கும்போதே சீனி 104. ஆளைப் பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது! ஈரலில் படிந்த கொழுப்புத்தான் முதலில் கரையுமாம். அது கரைந்தால் ஈரல் இன்சுலினின் சொல் கேட்கும், இரவெல்லாம் இரத்தத்தில் சீனியைக் கொட்டாது. நடக்கிற தசையும் சீனியை இழுத்துக்கொள்ளும். 8 மாதத்தில் 9 கிலோ போனது, சீனி 97.

அப்புறம் அதே சாப்பாடு, அதே நடை, முள் அசையவில்லை. மந்தமாகும் என்பது பொய்யில்லை. சிறிய உடம்புக்கு எரிபொருள் குறைவாகப் போதும். அதற்கு மேலும் உடம்பு சிக்கனம் பிடிக்கும். பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹோர்மோன் குறைவதால் பசியும் கூடும். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வேகமாக இளைத்தவர்களை 6 வருடம் கழித்துச் சோதித்தபோது, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரிந்தது.

எனக்கும் 3 கிலோ திரும்பி வந்தது. பயந்துகொண்டே இரத்தம் கொடுத்தேன். சீனி 99! எடை ஏறினால் எல்லாம் வீண் என்று அக்கா சொன்னபோது அழுதிருக்கிறேன்; அந்தத் தாளை அவவுக்குக் காட்டினேன். அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்விலும் 7 வீத எடைக்குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான் இலக்கு. அந்த இலக்கோடு முயன்ற குழுவில், அப்படிச் செய்யாதவர்களைவிடச் சலரோகம் வருவது 58 வீதம் குறைந்தது.

நான் டாக்டர் இல்லை, யாரையும் மருந்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை. வசதி உள்ளவள் பேசுகிறாள் என்பவர்களுக்கு: ஜிம் வாசலையே நான் மிதித்ததில்லை, செருப்பு மட்டும்தான் புதிதாக வாங்கினேன்.

நடைக்குத்தான் இப்போது தடை. எங்கள் வீதி விளக்குகள் ஆறு மாதமாக எரியவில்லை, இரண்டு தரம் எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை. இருட்டில், நாய்களுக்கு நடுவே, ஒரு பெண் எப்படித் தனியாக இறங்குவது? பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு, டோர்ச்சோடு போகிறேன்.