துப்பாக்கிக்கு பஃப் போடலாமா?

கேள்வி: தாத்தா வைத்திருந்த லீவர் ரைஃபிள் இப்போது என் பெயரில் லைசென்ஸோடு இருக்கிறது. குழலில் வின்செஸ்டர் மாடல் 1894 என்று பொறித்திருக்கிறது. நீலக் கறுப்பாக இருந்தது பழுப்பேறிவிட்டது, அங்கங்கே செந்துரு. வண்ணாரப்பேட்டையில் ஒரு பட்டறையில் பஃப் போட்டு, அதாவது சுழலும் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கி, கறுப்பு ஏற்றித் தருகிறேன் என்கிறார்கள். பழைய நிறம் திரும்புமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: திரும்பாது சார். பட்டறைக்காரரிடம் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கிறவருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். பைக் சைலன்சருக்கு பஃப் போடுகிறவரிடம் கொடுத்தால் அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். போதாததற்கு, அடிப்பக்கத்தில் உள்ள சீரியல் எண்ணை அந்தச் சக்கரம் தேய்த்துவிட்டால் அது வேறு வழக்கு.

அந்த நீலம் பெயின்ட் இல்லை. இரும்பின் மேல்தோலே மாக்னடைட்டாக, அதாவது கறுப்பு இரும்பு ஆக்சைடாக, மாறிய மெல்லிய படலம். ஆரம்பகால 1894-களில் ரிசீவரை (குழல் பொருந்தும் நடு உடல்) கரி போட்ட உலையில் வாட்டி நீலம் ஏற்றினார்கள். தோட்டா நுழைக்கும் சின்ன மூடிக்கு மட்டும் மயில்கழுத்து நிறம் வரும். இதையெல்லாம் ஒரே தொட்டியில் முக்கி எடுத்தால் எல்லாம் ஒரே கறுப்பு. 1964-க்குப் பிறகு வந்ததாக இருந்தால் ரிசீவரின் உலோகமே வேறு, கறுப்பேற்றும் வழக்கமான காஸ்டிக் சோடாத் தொட்டியில் நிறம் ஒழுங்காகப் பிடிக்காது. பாட்டிலில் வரும் கோல்டு ப்ளூ (cold blue, சூடாக்காமல் தடவும் நீலம்) வெறும் பூச்சு வேலை, கை படப்பட மங்கிவிடும். மிச்சமிருக்கிற நீலம்தான் உங்கள் ஒரிஜினல். அதைக் காப்பாற்றுவதுதான் வேலை.

லீவரை இறக்கித் தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் பாருங்கள், விரல் விட்டும் பாருங்கள். அப்புறம் செந்துருமேல் தையல் மெஷின் எண்ணெய் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். வீட்டில் ஓட்டைக் காலணா (நடுவில் ஓட்டையுள்ள பழைய காசு) இருந்தால் அதன் விளிம்பால் மெதுவாகச் சுரண்டலாம். அது வெண்கலம், எஃகைவிட மென்மை. துரு உதிரும், நீலத்துக்குச் சேதம் குறைவு. பிறகு நாலு சைபர் (0000) ஸ்டீல் வுல்லை, அதாவது மிக மெல்லிய எஃகு நாரை, எண்ணெயில் தோய்த்துப் பூப்போல ஓட்டுங்கள். எமரி பேப்பரைக் கையாலும் தொடாதீர்கள். பெரம்பூர் டூல் ரூமில் எமரிக்கு ஆளாகிப் பாழான கேஜ்களை (அளவுக் கருவிகளை) நிறையப் பார்த்தவன் சொல்கிறேன். பழுப்பை அப்படியே விடுங்கள், அது அடங்கிப்போன துரு.

செந்துரு அதிகமென்றால் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் குழலைக் கழற்றச் சொல்லி, டிஸ்டில்டு வாட்டரில் கொதிக்கவிடச் சொல்லலாம். சிவப்புத் துரு கறுப்பாக மாறும். அந்தக் கறுப்பும் மாக்னடைட்தான், அதைத் துடைத்து எண்ணெய் பூசினால் போதும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது, உப்பு.

வால்நட் கட்டைக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு, உள்ளங்கையால் தேய்ப்பது. அந்த எண்ணெய் பட்ட துணி இருந்தால் அதைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள். கல்மண்டபம் காற்றில் தோலுறைக்குள் வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். இரும்புப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கேள்வி: அம்மாவின் பழைய தையல் மெஷினில் தங்கநிறப் பூ டிசைன் அழுக்கேறியிருக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம்மா. மேலே பூசியிருப்பது அரக்குப் பாலிஷாக இருந்தால் ஸ்பிரிட்டில் கரைந்து பூவும் கூடவே வந்துவிடும். மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, ஒரு ஓரத்தில் முயன்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.