பாப்கேட்டைப் பொறி வைத்துப் பிடித்தால் அரசுக்கு ஏன் கணக்குச் சொல்ல வேண்டும்?

கேள்வி: "அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பாப்கேட் பிடிக்க அனுமதி வந்திருக்கிறது என்கிறார்கள். ஒரு காட்டுப்பூனையைப் பொறி வைத்துப் பிடிப்பது சட்டப்படி சரியா? பிடித்த உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், டேக் வாங்க வேண்டும் என்ற கெடுபிடியெல்லாம் எதற்கு?"

சட்டப்படி சரிதான். பாப்கேட் என்பது வட அமெரிக்காவில் வாழும், குட்டை வால் கொண்ட, லின்க்ஸ் வகையைச் சேர்ந்த காட்டுப்பூனை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் அழிவின் விளிம்பில் இருப்பதாக மத்திய அரசு பட்டியலிட்ட விலங்குகளைத் தவிர, மற்ற பெரும்பாலான காட்டு விலங்குகள் மாநிலங்களின் பொறுப்பு. அதனால் பாப்கேட்டுக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி. ஓரிடத்தில் அடியோடு தடை, பக்கத்து மாநிலத்தில் குளிர்காலத்தில் மட்டும் அனுமதி.

இண்டியானாவின் கதை எனக்கு நெருக்கமானது, ஏனென்றால் நான் ப்ளூமிங்டன் பக்கம் குடியிருக்கிறேன். இங்கே பாப்கேட் 1969 முதல் 2005 வரை மாநில அரசின் அருகிவரும் விலங்குகள் பட்டியலில் இருந்தது. காடுகள் மீண்டும் தழைக்க, அதுவும் மெல்லத் திரும்பி வந்தது. 2018-ல் பிடிக்க அனுமதிக்கலாம் என்று ஒரு யோசனை வந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2024-ல் சட்டமன்றமே தலையிட்டுச் சட்டம் போட்டது. அதன்படி 2025 நவம்பரில் முதல் சீசன் தொடங்கியது. தெற்கே 40 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மட்டும், பொறி வைத்து மட்டும், ஒருவருக்கு ஒன்று, மாநிலம் முழுக்க 250. துப்பாக்கியோடு போய்ச் சுட அனுமதி கிடையாது.

இந்த 250 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி புரிந்துவிடும். காலண்டரில் சீசன் எந்தத் தேதி வரை இருந்தாலும், 250 ஆனதும் கதவை மூடிவிட வேண்டும். 250 ஆகிவிட்டது என்பது இயற்கை வளத் துறைக்கு எப்படித் தெரியும்? பிடித்தவர் சொன்னால்தான் தெரியும். நூறு பேர் "வார இறுதியில் சொல்லிக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டால், துறை கதவை மூடும்போது எண்ணிக்கை வரம்பைத் தாண்டிப் போயிருக்கும். அதனால்தான் விஸ்கான்சினில் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறார்கள், பென்சில்வேனியாவில் 48 மணி நேரம் தருகிறார்கள். பொறி வைப்பவருக்கும் ஒரு கடமை இருக்கிறது: கோட்டா இருக்கும் மாநிலத்தில், சீசன் இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலையில் கிளம்ப வேண்டும்.

அடுத்தது டேக், அதாவது தோலில் மாட்டும் அடையாள வில்லை. இது மாநில எல்லையைத் தாண்டிய விஷயம். எழுபதுகளில் சிறுத்தை, ஆசிலாட் போன்ற புள்ளிப் பூனைகளின் தோல் வியாபாரத்துக்குச் சட்டங்களும் சர்வதேச ஒப்பந்தமும் கடிவாளம் போட்டன. ரோமத்தோல் சந்தை அப்படியே பாப்கேட் பக்கம் திரும்பியது. 1977-ல் பூனைக் குடும்பம் முழுவதையும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் (அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் அந்தச் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் சேர்த்தபோது பாப்கேட்டும் அதில் வந்தது. வியாபாரம் செய்யலாம், ஆனால் ஒவ்வொரு தோலுக்கும் கணக்கு வேண்டும். தோலில் துளையிட்டுக் கோத்துப் பூட்டிய டேக் இல்லாமல் அது நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. டேக்கில் மாநிலத்தின் குறியீடு, விலங்கின் குறியீடு, வேறெதற்கும் வராத ஒரு வரிசை எண் எல்லாம் இருக்கும். ஒருமுறை பூட்டினால், வெட்டாமல் கழற்ற முடியாது. ஏற்றுமதிக்கு மத்திய அரசின் அனுமதி தனியாக வேண்டும். டேக் வழங்கும் உரிமையும் மாநிலங்களுக்குத் தானாகக் கிடைத்துவிடாது. "எங்களிடம் முறையான மேலாண்மை இருக்கிறது, வியாபாரத்தால் இந்த இனத்துக்குக் கேடு வராது" என்று மத்திய வனவிலங்குத் துறைக்குக் காட்டிய பிறகுதான் கிடைக்கும். இந்தப் பட்டியலிலிருந்து பாப்கேட்டை எடுத்துவிட அமெரிக்கா 2004, 2007, 2010 மாநாடுகளில் முயன்றது. மூன்று முறையும் நடக்கவில்லை. பாப்கேட் தோல் என்ற பெயரில் வேறு லின்க்ஸ் பூனைகளின் தோல் நழுவிவிடும் என்ற பயம் மற்ற நாடுகளுக்கு இருந்தது. நியாயமான பயம்தான்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1981-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், காட்டில் எத்தனை பாப்கேட் இருக்கின்றன என்று நம்பகமான மதிப்பீடு இல்லாமல் ஏற்றுமதிக்குத் தலையாட்டக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, அப்படிப்பட்ட எண்ணிக்கை மதிப்பீடு கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது. என்ன விளைவு? உயிரோடு இருப்பவை எத்தனை என்று சொல்லாமலே ஏற்றுமதி நடக்கலாம். சரி, உண்மையிலேயே எண்ணுவதும் லேசான காரியமில்லை. இரவில் நடமாடும், தனியாகத் திரியும், புதரோடு புதராக மறைந்துவிடும் விலங்கு. ஆக, துறையின் கையில் உறுதியாக இருப்பது இறந்தவற்றின் கணக்குதான். எங்கே, எந்தத் தேதியில், ஆணா பெண்ணா, என்ன வயது என்று பிடித்தவர் சொல்லும் கணக்கிலிருந்துதான் உயிரோடு இருப்பவற்றை ஊகிக்கிறார்கள். அந்தக் கணக்கு பொய்யானால், அதை வைத்து அடுத்த ஆண்டுக்குப் போடும் கோட்டாவும் பொய். பதிவு செய்வதை வெறும் காகித வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

வயதைப் பல் சொல்லும். பல மாநிலங்களில் பல்லையோ கீழ்த்தாடையையோ ஒப்படைக்கச் சொல்வார்கள். விஸ்கான்சின் போன்ற இடங்களில் தோலுரித்த உடலையே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பல்லின் வேர்ப் பகுதியை மெல்லிய சீவலாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மர வளையம் போல ஆண்டுக் கோடுகள் தெரியும். பெண் விலங்கானால், கருப்பையில் உள்ள தழும்புகளை எண்ணி எத்தனை குட்டிகளைச் சுமந்தது என்றும் கணிப்பார்கள். பிடிபட்டவற்றில் குட்டிகளும் ஒரு வயதுக்காரர்களும் குறைந்துகொண்டே போனால், இனப்பெருக்கம் சரியில்லையோ என்று விசாரிக்க ஆரம்பிப்பார்கள். ஒரு பல்லை உறையில் போட்டுக் கொடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதற்குச் சோம்பல்படுபவர் பொறியைத் தொடக்கூடாது என்பது என் கருத்து.

பொறியைப் பற்றிய விதிகளில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது. இண்டியானாவில் 24 மணி நேரம். பென்சில்வேனியாவில் 36. ஐடஹோவில் 72. நெவாடா சட்டம் 96 மணி வரை விடுகிறது. நான்கு பகல், நான்கு இரவு! காலில் இரும்பு கவ்விய நிலையில், பனியில், தண்ணீர் இல்லாமல் ஒரு விலங்கு அவ்வளவு நேரம் கிடக்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மேற்கே இடம் பரந்தது, பொறிகளுக்கு நடுவே தூரம் அதிகம் என்ற வாதம் எனக்குத் தெரியும். தூரம் அதிகமென்றால் பொறிகளைக் குறைக்கட்டும். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் வாலிப வயதிலிருந்தே ரக்கூனுக்குப் பொறி வைப்பவர். அவரும் இதையேதான் சொல்கிறார்: தினமும் போய்ப் பார்க்க முடியாதவன் பொறியே வைக்கக்கூடாது. சீக்கிரம் போய்ப் பார்த்தால், தவறி மாட்டிய நாயையோ வேறு விலங்கையோ உயிரோடு விடுவிக்கவும் வாய்ப்பு அதிகம்.

வடக்கு மாநிலங்களில் இன்னொரு கவலை உண்டு. கனடா லின்க்ஸ் 2000-லிருந்து மத்திய சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. பாப்கேட்டுக்கு வைத்த பொறியில் அது மாட்டினால் பெரிய சிக்கல். வால் நுனியைப் பாருங்கள்: லின்க்ஸுக்கு நுனி முழுவதும் கறுப்பு, பாப்கேட்டுக்கு மேல்புறம்தான் கறுப்பு, அடியில் வெள்ளை. லின்க்ஸின் பாதம் மிகப் பெரியது, காது முடியும் நீளம்.

எல்லா ஊரும் இண்டியானா வழியில் போகவில்லை. ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் ஓரத்தில் 2013-ல் ஒருவரின் சொந்த நிலத்தில் அவருக்குத் தெரியாமல் வைத்த பொறி கண்டுபிடிக்கப்பட்டது, கலிஃபோர்னியாவில் பெரிய கிளர்ச்சியைக் கிளப்பியது. 2015-ல் அங்கே பாப்கேட்டுக்குப் பொறி வைப்பதற்கு மாநிலம் முழுக்கத் தடை வந்தது. பிறகு 2020 முதல் வேட்டைக்கும் தடை. நியூ ஹாம்ப்ஷயர் 1989-ல் சீசனை மூடிவிட்டு, 2016-ல் வெறும் 50 அனுமதிகளோடு திறக்கப் பார்த்தது. லின்க்ஸும் மாட்டிக்கொள்ளுமே என்ற கேள்வியும் மக்கள் எதிர்ப்பும் சேர்ந்து, அதைத் திரும்பப் பெற வைத்தன. கொலராடோவில் 2024 நவம்பரில் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். மலைச்சிங்கம் (பூமா), பாப்கேட் வேட்டைக்குத் தடை கேட்ட யோசனை தோற்றது.

நீங்கள் பொறி வைக்க நினைத்தால், அந்த ஆண்டுக்கான விதிப் புத்தகத்தை மாநிலத் துறையின் தளத்தில் படியுங்கள். போன வருட விதி இந்த வருடம் இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒருவரின் நிலத்தில் வைப்பதானால் முதலில் அனுமதி கேளுங்கள். வைக்கும் எண்ணமே இல்லையென்றாலும் ஒன்று செய்யலாம். தெற்கு இண்டியானா சாலைகளில் கார் மோதி இறந்த பாப்கேட்டைப் பார்த்தால், வண்டியில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அனுமதியின்றி வைத்திருப்பது குற்றமாகிவிடும். இடத்தைக் குறித்துக்கொண்டு, முடிந்தால் ஒரு படம் எடுத்து, இயற்கை வளத் துறைக்குச் சொல்லுங்கள். பொறியில் பிடிபடாமல் இறந்தவையும் அவர்கள் கணக்கில் சேர வேண்டும்.